வாயால் சொல்கிறான், தாளில் வரவில்லை: கோத்தகிரியிலிருந்து ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான்: "கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு, ஆங்கில வழி. வீட்டில் படுகு பேசுவோம். தாத்தா ஏஜெண்டுக்குப் போடும் பச்சைத் தேயிலைக்கு எவ்வளவு வரும் என்று வாயாலேயே கணக்குச் சொல்லிவிடுவான். பாடத்தில் கேள்வி கேட்டால் டக்கென்று பதில் வரும். எழுதச் சொன்னால் நாலு வரிக்கு அரை மணி நேரம், அதிலும் பாதி தப்பு. 'டிஸ்லெக்சியா மாதிரி இருக்கு, கோயம்புத்தூர் போய் டெஸ்ட் எடுங்க' என்று மிஸ் சொல்கிறார். 'அவங்கப்பனும் இப்படித்தான் இருந்தான், பெரியவனானா சரியாயிடும்' என்று மாமியார் சொல்கிறார். இது மூளைக் கோளாறா? தமிழ் வழிக்கு மாற்ற வேண்டுமா? சர்ட்டிபிகேட் வாங்கினால் பையன் பெயர் கெடுமா? இவன் காலேஜ் போவானா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். போவான். போவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பதிலில் பாதி. மாமியார் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு குடும்பத்தில் வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் 'பெரியவனானா சரியாயிடும்' என்பது நடக்காது. அப்பாவுக்கு அது சரியாகியிருக்காது. எழுத வேண்டிய இடங்களைத் தவிர்த்து வாழப் பழகியிருப்பார், அவ்வளவுதான். பேங்க் சலானை யார் நிரப்புகிறார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நீலகிரியில் சிறப்புக் கல்வி வேலையில் இருப்பதால், உங்கள் கேள்வியின் வெவ்வேறு வடிவங்களை ஊட்டியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் மகனுக்கு இது இருக்கிறது, இல்லை என்று நான் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருப்பது அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது.

முதலில், இது புத்திக் குறைவு அல்ல. 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். 749ஐ 867ஆல் வேகமாகவும் சரியாகவும் பெருக்கியவன், தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதிவிட்டு, தப்பு என்றும் தெரியாமல் இருந்தான். பாடம் முழுக்க வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். உங்கள் வீட்டுத் தேயிலைக் கணக்கைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது.

'மூளைக் கோளாறா' என்று கேட்கிறீர்கள். மூளை சம்பந்தப்பட்டதுதான், ஆனால் நோய் இல்லை. பேச்சு குழந்தைக்குத் தானாக வரும். எழுத்து அப்படி வராது, யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும். வாசிக்கும்போது மூளை ஒரு சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் ஒரு வடிவத்தோடு கோக்க வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இந்த உடைக்கிற வேலையும் கோக்கிற வேலையும் சிரமம். கதை புரியும், நியாயம் பேச வரும், கணக்கு மனதில் ஓடும். சொல்லைத் தாளில் இறக்கும்போது மட்டும் இடறும். செல்போன் பார்த்ததாலோ, கர்ப்பத்தில் நீங்கள் எதையோ சாப்பிட்டதாலோ வந்ததில்லை. எழுதுவதில் மட்டும் சிக்கல் என்றால் டிஸ்கிராஃபியா என்பார்கள், எண்களில் என்றால் டிஸ்கால்குலியா. இரண்டு மூன்று சேர்ந்து வருவதும் உண்டு, கவனக்குறைவுப் பிரச்சினை கூடவே வருவதும் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வகைக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும் 30 பேர் உள்ள வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகள். உங்கள் மகன் மட்டும் இல்லை.

சரி, நம் மலைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலோ கோவையிலோ எழுதப்படும் ஆலோசனைகளில் இது இருக்காது.

நீலகிரியில் ஒரு வகுப்பறைக்குள் எத்தனை வீட்டு மொழிகள் உட்கார்ந்திருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். படுகு, தோடா, கோத்தா, இருளர், குறும்பர் மொழிகள், கூடலூர் பந்தலூர் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர் மொழிகள், மலையாளம், கன்னடம். டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) எஸ்டேட்டுகளில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் தமிழ். இப்போது ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். வீட்டில் 'ஹாலு' கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளியில் 'பால்' என்று படித்து, அதற்குள் 'மில்க்' என்று எழுதியாக வேண்டும். இந்தச் சூழலில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. மொழி புதிது என்பதால் தடுமாறுகிற பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்று பெயர் வைத்துவிடுவது ஒன்று. உண்மையிலேயே குறைபாடு உள்ள பிள்ளையை 'வீட்டுல வேற பாஷை, அதான்' என்று ஐந்தாறு வருஷம் அப்படியே விட்டுவிடுவது இன்னொன்று. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகச் சேதம் செய்கிறது. அதுவும் ஆதிவாசிப் பிள்ளைகள் விஷயத்தில் 'வருகை சரியில்லை' என்ற ஒரே வரியில் எல்லாம் முடிந்துபோகும்.

இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் மகனை வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அதே ஹட்டியிலிருந்து, அதே படுகு பேசிக்கொண்டு, அதே பள்ளிக்கு அதே வேனில் போகும் பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள். அவர்களும் இவனைப் போலவே திணறினால் பிரச்சினை கற்பிக்கும் மொழியிலோ முறையிலோ இருக்கிறது. அவர்கள் எல்லாம் கடந்துபோய் இவன் மட்டும் நின்றுவிட்டால், மொழியைக் காரணம் சொல்ல முடியாது.

இன்னொன்று, படுகிலேயே ஒரு விளையாட்டு. "ஹாலு, ஹட்டி, மனெ, இதில் எது வேறு மாதிரி ஆரம்பிக்குது?" என்று கேளுங்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தாளே வேண்டாம், பேனா வேண்டாம், பாட்டியும் சேர்ந்துகொள்ளலாம். தாய்மொழியிலேயே ஒலியைப் பிரிக்கத் தடுமாறுகிறான் என்றால் அது முக்கியமான தடயம். சோதனை செய்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, அவனுடைய தமிழ் நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிஸ் சிவப்பு மையால் சுழித்த இடங்களை எண்ண வேண்டாம், என்ன வகைத் தப்பு என்று பாருங்கள். 'மழை'யை 'மலை' என்றும் 'பள்ளி'யை 'பல்லி' என்றும் எழுதியிருந்தால் கவலைப்பட வேண்டாம். ல, ள, ழ தகராறு இல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது? ன, ண, ந குழப்பமும் ர, ற குழப்பமும் அப்படித்தான். ஆனால் 'தோட்டம்' என்பதை 'தெட்டாம்' என்று எழுதியிருக்கிறானா? துணைக்கால் ஓர் எழுத்து தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கிறதா? 'கால்' என்பது 'கரல்' ஆகியிருக்கிறதா? புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வேறு எழுத்தின் தலையில் இருக்கிறதா? ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறானா? கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதுகூட எழுத்து விட்டுப்போகிறதா? இவையெல்லாம் மூன்றாம் வகுப்பு முடிந்த பிறகும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டியவை.

நம் எழுத்தின் அமைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. தமிழ் ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது, எழுதியபடி வாசித்துவிடலாம் என்று பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். ஆனால் 'கெ', 'கே', 'கை' என்பதில் க் ஒலி முதலில், எ, ஏ, ஐ ஒலி பின்னால். எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கோ' என்றால் எழுத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு குறிகள். உகரம் வந்தால் கு, பு, மு, து என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம். ஒரே 'க' என்ற எழுத்து 'கல்'லில் ஒரு மாதிரி, 'தங்க'த்தில் ஒரு மாதிரி, 'அக'த்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை, இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் தனித்தனித் தடை. இன்னொரு விஷயமும் உண்டு. ஒழுங்கான எழுத்துமுறை என்பதால் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் தமிழைத் தப்பில்லாமல் வாசித்துவிடுவார்கள், ஆனால் மிக மெதுவாக. 'தமிழ் நல்லா வாசிக்கிறானே, இங்கிலீஷ்தான் வரல' என்று ஆசிரியரும் விட்டுவிடுவார். வேகத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

டெஸ்டுக்குப் போவதற்கு முன் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். இந்தக் குளிரில் சளி பிடித்து, காதில் நீர் கோத்துக்கொண்டு, பாதிச் சத்தத்தை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அது காது பிரச்சினை, காது மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

டெஸ்ட் எங்கே என்பது அடுத்த கேள்வி. கோவைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கோத்தகிரி உட்பட மாவட்டத்தின் நான்கு ஒன்றியங்களிலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம் இருக்கிறது, அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். அவர்களுடைய முதல் பொறுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகள். இருந்தாலும் நேரில் போய்க் கேளுங்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான மருத்துவ முகாம் எப்போது என்று சொல்வார்கள். சான்றிதழுக்கான வழி அரசு மருத்துவமனை வழியாகத்தான். மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி குழந்தை மருத்துவர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் போன்றவர்கள் சேர்ந்து பார்க்க வேண்டும். நுண்ணறிவுத் தேர்வு ஒன்று, அதன் பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றுக்கான தேர்வு. அதற்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய தேர்வுத் தொகுப்பைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான், 14இலும் 18இலும் மறுபடி பார்க்க வேண்டும், 18இல் கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும் என்று 2018 வழிகாட்டுதலில் இருந்தது, இப்போதைய விதியை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்கு வயது ஆகிவிட்டது, தாமதிக்க வேண்டாம்.

தனியாரிடம் போவதானால் இரண்டு விஷயம் கேளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்காமல் தமிழிலும் சோதிப்பார்களா? வீட்டில் படுகு என்பதை அறிக்கையில் குறிப்பிடுவார்களா? ஆங்கிலம் பள்ளியில் மட்டுமே கேட்கிற பிள்ளையை ஆங்கிலப் பத்தி ஒன்றை வைத்துச் சோதித்துக் 'குறைபாடு' என்று எழுதித் தரும் அறிக்கையை நான் நம்புவதில்லை. 'டிஸ்லெக்சியா உள்ளது' என்ற ஒரு வரியோடு முடியும் அறிக்கைக்கும் பணம் கொடுக்காதீர்கள். எந்த ஒலியில் தடுமாறுகிறான், எந்த வகுப்பு அளவில் வாசிக்கிறான், அடுத்த ஆறு மாதம் என்ன கற்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் டெஸ்ட் முடிவு வரும்வரை சும்மா இருக்காதீர்கள். மலையில் பிள்ளைகள் காலத்தை இழப்பது இங்கேதான். மழை, மண்சரிவு, கொழுந்து சீசன், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று ஒரு வருஷம் ஓடிவிடும். செய்ய வேண்டிய பயிற்சி குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நல்லதே செய்யும். அதனால் நாளைக்கே தொடங்கலாம்.

தினமும் இருபது நிமிடம் போதும். ஸ்கூலிலிருந்து வந்ததும் வேண்டாம், ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு வரட்டும். நாலைந்து சட்டைப் பொத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். 'படம்' என்று சொல்லுங்கள். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பொத்தானை அவனே முன்னால் தள்ளட்டும்: ப, ட, ம். அப்புறம் 'பட்டம்': ப, ட், ட, ம். எங்கே ஒரு பொத்தான் கூடியது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். இது ஐந்து நிமிடம். எழுத்தே காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள், காது வேலை முதலில்.

அடுத்த ஐந்து நிமிடம் ஒரு தட்டில் ரவையைப் பரப்பி, அன்றைய எழுத்தை விரலால் எழுத வேண்டும். எழுதும்போதே அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண், காது, வாய், கை நாலும் ஒரே சமயத்தில் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். எழுத்துகளை அரிச்சுவடி வரிசையில் க, கா, கி, கீ என்று ஓட்டாதீர்கள். அந்த வரிசையை இந்தப் பிள்ளைகள் பாட்டாக மனப்பாடம் செய்துவிடுவார்கள், நடுவில் ஒன்றைத் தொட்டுக் கேட்டால் தெரியாது. முதலில் துணைக்கால் மட்டும்: கா, மா, பா, தா. அதை வைத்தே வாசிக்க முடிகிற சொற்கள்: மாடம், பாடம், காகம். கை பழகிய பிறகு இகரம், ஈகாரம். கொம்பு முன்னால் வரும் எ, ஏ, ஐ அதற்குப் பிறகு. ஒ, ஓ இன்னும் பிறகு. உகர, ஊகார வடிவங்களைக் கடைசியில், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டாக. ஒன்று உறுதியாகாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். மூன்று வாரம் துணைக்காலிலேயே நின்றாலும் பரவாயில்லை.

மிச்சம் பத்து நிமிடம் வாசிப்பு. அவன் வகுப்புப் பாடநூல் வேண்டாம், அவனால் பெரும்பாலும் வாசித்துவிட முடிகிற எளிய பக்கம். நீங்கள் ஒரு வரி வாசியுங்கள், அதே வரியை அவன் வாசிக்கட்டும். அதே பக்கத்தை மறுநாளும் அதற்கடுத்த நாளும். வேகம் அப்படித்தான் வரும். தப்பு விட்டால் உடனே பாயாமல் மூன்று எண்ணுங்கள், பாதித் தடவை அவனே திருத்திக்கொள்வான். ஆங்கிலத்துக்கும் இதே முறைதான், எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்லிக்கொடுங்கள்.

இதனிடையே பாடம் பின்தங்கக் கூடாது. வரலாறும் அறிவியலும் தெரிந்துகொள்ள அவன் வாசிப்பு சரியாகும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் போன் வாசிக்கட்டும். ஆண்ட்ராய்டு போனில் தமிழை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது, பேசினால் தமிழில் டைப் அடிக்கவும் செய்யும். ஹட்டியில் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று உங்களுக்கே தெரியும்.

செய்யக் கூடாதவை சில. டியூஷன் சேர்ப்பது பெரும்பாலும் வீண். பள்ளியில் பலிக்காத அதே முறையைச் சாயங்காலமும் இரண்டு மணி நேரம் செய்வார்கள். தப்பான சொல்லை இருபது தடவை இம்போசிஷன் எழுத வைத்தால், மூன்றாவது தடவையிலிருந்து அவன் படம்தான் வரைகிறான், சொல் பதிவதில்லை. ஞாபக சக்தி டானிக், கலர் கண்ணாடி, கண் பயிற்சி, மிட்பிரைன் ஆக்டிவேஷன் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். டிஸ்லெக்சியாவுக்குக் கண் பயிற்சியும் நிறக் கண்ணாடியும் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டார்கள். மார்க் குறைந்ததற்குத் தண்டனையாக ஃபுட்பாலை நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசம். அவன் ஜெயிக்கிற ஒரே இடம் அந்த கிரவுண்டாக இருக்கலாம்.

தமிழ் வழிக்கு மாற்றுவதா? இதில் நிறையப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வழியை மாற்றினால் டிஸ்லெக்சியா போகாது, தமிழுக்கும் அது கூடவே வரும். ஆனால் சுமை குறையலாம். உங்கள் மகன் தமிழை நன்றாகப் புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் ஆசிரியர் பேசுவதே புரியாமல் உட்கார்ந்திருந்தால் மாற்றுவது பற்றி யோசிக்கலாம். ஆங்கிலம் காதில் புரிகிறது, எழுத்துதான் பிரச்சினை என்றால் மாற்றத் தேவையில்லை. வழியைவிட ஆசிரியர் முக்கியம். இவனுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்கத் தயாராக இருக்கும் ஒரு ஆசிரியர் எந்தப் பள்ளியில் இருக்கிறாரோ அதுதான் இவனுக்குப் பள்ளி. அரசுப் பள்ளி என்றதும் முகம் சுளிக்காதீர்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஒரே பாடத்தை எல்லாருக்கும் ஓட்டும் பல தனியார் பள்ளிகளைவிட அது இந்த மாதிரிப் பிள்ளைக்குப் பொருந்தும். தனிச் சிறப்புப் பள்ளி தேவையே இல்லை.

இப்போதைய பள்ளியில் பெரிய சலுகை எதுவும் கேட்க வேண்டாம். முன் வரிசையில் உட்கார வையுங்கள், எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், அறிவியல் விடையில் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காதீர்கள், கரும்பலகையில் இருப்பதை போட்டோ எடுக்க விடுங்கள், சில கேள்விகளை வாய்மொழியாகக் கேளுங்கள். இதைத் தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் மிஸ் மாறிவிடுவார்.

இனி சான்றிதழ். 'பெயர் கெடுமா' என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதைச் சிரித்து ஒதுக்க நான் தயாரில்லை. ஆனால் சான்றிதழ் உங்கள் அலமாரியில் இருக்கும் ஒரு தாள், ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. அது இல்லாமல் போனால் இழப்பது பெரிது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதுவரை 7 ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியபோது கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு இவற்றைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறிப்பிட்டிருந்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், பிறகு அரசு வேலை ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு.

கூடுதல் நேரம் கொடுப்பது மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். கல்லட்டி ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்து வரும் பஸ்ஸைப் பார்த்து டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று யாராவது சொல்கிறோமா? ஏற்றம் அப்படி. தேர்வு அளக்க வேண்டியது அவனுக்கு ஒளிச்சேர்க்கை தெரியுமா என்பதை, எத்தனை நிமிடத்தில் எழுதுகிறான் என்பதை அல்ல.

எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் இல்லை என்பதால் நம் ஊரில் இந்தப் பிரச்சினை மூடியே இருக்கும். ஒன்பதில் வெடிக்கும், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெற்றோர் சான்றிதழுக்கு ஓடுவார்கள். சலுகை விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும், ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். அதற்குள் 14 வயதுக்கான மறுபரிசோதனையும் வரும், இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சொல்வதை எழுதுபவரைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. சொல்லி எழுத வைப்பதும் ஒரு திறமை. விடையை மனதில் அடுக்கி, நிறுத்தி நிறுத்தி, 'அடுத்த பத்தி' என்று சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பழக்கம் இல்லாத பிள்ளை பரீட்சை ஹாலில் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போவான். ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளித் தேர்வுகளில் பழக்குங்கள். மொழிப்பாட விலக்கை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். தமிழைத் தட்டுத்தடுமாறியாவது தேறுவான் என்றால் எழுதட்டும், எதிர்காலத்தில் எந்தப் படிப்பு எதைக் கேட்கும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஐன்ஸ்டீனுக்கும் டிஸ்லெக்சியா என்று ஃபார்வர்டு ஒன்று சுற்றும், அதைப் பையனிடம் காட்ட வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை. உண்மையான ஆட்களே இருக்கிறார்கள். 2009இல் மருத்துவ நோபல் பெற்ற கரோல் கிரைடர் பள்ளியில் எழுத்துக்கூட்டத் தெரியாதவர் என்று தனி வகுப்புக்கு அனுப்பப்பட்டவர். 2017இல் வேதியியல் நோபல் பெற்ற ஜாக் துபொஷே, சுவிட்சர்லாந்தில் தன் மாகாணத்தில் அதிகாரபூர்வமாக டிஸ்லெக்சியா என்று பதிவான முதல் ஆள் தானே என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டவர். நோபல் எல்லாம் வேண்டாம், ஐடிஐ முடித்து ஃபாக்டரியில் மெஷின் பார்க்கிறவர், ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர், பி.காம். முடித்தவர் என்று இந்த மலையிலேயே இருக்கிறார்கள். அவர்களில் நன்றாக வந்தவர்களிடம் பொதுவாக நான் பார்ப்பது இரண்டு: பத்து வயதுக்குள் யாரோ ஒருவர் கண்டுபிடித்திருப்பார், வீட்டில் யாரும் 'மக்கு' என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மகனிடம் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். சொல்லுங்கள். 'உனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு, எழுத்து மட்டும் உனக்கு வேற மாதிரி சொல்லிக்கொடுக்கணும், அதைச் செய்யப்போறோம்' என்ற அளவில் போதும். அவனுக்கு ஏற்கனவே தெரியும், பெயர்தான் தெரியாது. திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், பெரும்பாலும் சத்தமாக வாசிக்கும் பீரியடு அன்றைக்கு இருக்கும்.

டெஸ்டுக்குப் போகும் நாளில் இந்த வருஷத் தமிழ், ஆங்கில, கணக்கு நோட்டுகள், போன வருஷ நோட்டு கிடைத்தால் அதுவும், ரேங்க் கார்டு, கண், காது பரிசோதனைத் தாள், ஆதார், மிஸ் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பு எல்லாம் எடுத்துப்போங்கள். அவனுடைய அப்பாவையும் கூட்டிப்போங்கள், குடும்ப விவரம் அவரிடம்தான் கேட்பார்கள். முதல் பஸ்ஸைப் பிடிப்பதற்காக அதிகாலையில் எழுப்பித் தூக்கக் கலக்கத்தோடு உட்கார வைத்தால் மார்க் குறையும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் கேட்டு வாங்குங்கள். அறிக்கை கைக்கு வந்ததும், அதில் அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.